அன்று மாட்டைப் பறித்தார்கள், இன்று புல்லை அளக்கிறார்கள்: கென்யாவில் பொருளியல் ஆய்வு மாறிய கதை

நைரோபியிலிருந்து தென்கிழக்கே 60 கிலோமீட்டர் போனால் மச்சாகோஸ். மலையும் சரிவும் வறண்ட சமவெளியுமாக விரிந்த மண், கம்பா மக்களின் பூர்வீகம். 1937-இல் பார்ன்ஸ் என்ற மண் பாதுகாப்பு அதிகாரி இங்கே பல இடங்களில் நின்று படம் எடுத்தார். மொட்டைச் சரிவுகள், வெள்ளம் கிழித்துப் போட்ட செம்மண் ஓடைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு முள்மரம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஓர் ஆய்வுக் குழு அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களைத் தேடிப் போனது. அதே கோணத்தில் மறுபடியும் படம் எடுத்தது. இம்முறை படத்தில் விழுந்தவை வரப்பு கட்டிய வயல்கள், வரப்பின் மேல் தீவனப்புல், வீடுகளைச் சுற்றிப் பழமரங்கள்.

இந்த இடைவெளியில் அங்கே ஆட்கள் குறைந்துவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் மாவட்டத்தில் சுமார் 2.4 லட்சம் பேர் இருந்தார்கள். 1990-இல் சுமார் 14 லட்சம் பேர். பழைய மாவட்டம் இன்று மச்சாகோஸ், மகுவேனி என்ற இரண்டு கவுண்டிகளாகப் பிரிந்திருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் சேர்த்து 24 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

கூட்டம் பெருகினால் மண் அழியும் என்று நம்பியவர்களுக்கு இந்த மாவட்டம் பெரிய கேள்வியாக நின்றது. கென்யாவில் சுற்றுச்சூழல், வளர்ச்சிப் பொருளியல் ஆய்வு எப்படி மாறியது என்பதையும் இந்தச் சரிவுகளிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டும். மண் மாறியது ஒரு கதை. மண்ணைப் பற்றிக் கேட்ட கேள்வி மாறியது அதைவிடப் பெரிய கதை.

1937: முடிவோடு வந்த அறிக்கை

பார்ன்ஸ் படம் எடுத்த அதே ஆண்டில், காலனி அரசின் விவசாயத் துறையைச் சேர்ந்த காலின் மாஹர் இந்தப் பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் கல்லும் மணலுமான பாலையாகிக்கொண்டிருக்கிறது, மக்கள் மீள முடியாத வறுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஆட்களும் மாடுகளும் கட்டுப்பாடின்றிப் பெருகியதே காரணம் என்றார்.

மண் அரிப்பு உண்மைதான். படங்களே சாட்சி. காரணம் சொன்ன இடத்தில்தான் பாதி உண்மை விடுபட்டுப் போனது. நல்ல நிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்கு ஒதுக்கப்பட்டு, கம்பா மக்கள் 'ரிசர்வ்' என்ற எல்லைக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். மழை பொய்த்த காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போன யட்டா பீடபூமி போன்ற மேய்ச்சல் நிலங்கள் அரசு நிலமாகிவிட்டன. லாபம் தரும் காப்பியைப் பயிரிட ஆப்பிரிக்க விவசாயிக்கு அனுமதி கிடையாது. போதாக்குறைக்கு அந்தப் பத்தாண்டுகள் வறட்சியும் வெட்டுக்கிளியும் மாறி மாறித் தாக்கிய காலம். போக்கிடமும் விற்றுமுதலும் இல்லாத ஒரு குடும்பம் இருக்கிற துண்டு நிலத்தைத்தான் சுரண்டும். அறிக்கை சுரண்டலைப் பார்த்தது. அடைப்பைப் பார்க்கவில்லை.

அறிக்கைகளோடு காரியம் நிற்கவில்லை. 1938-இல் அரசு மாட்டுக் குறைப்பைக் கையில் எடுத்தது. கம்பா மக்களின் மாடுகள் வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. அத்தி ஆற்றங்கரையில் லீபிக் நிறுவனம் இறைச்சி ஆலை போட்டிருந்தது. அந்த ஆலைக்கும் மாடு வேண்டியிருந்தது. கம்பா குடும்பத்துக்கு மாடுதான் சேமிப்பு, சீர், பஞ்சகாலக் கஞ்சி. அதன் மேல் கை வைத்ததும் ஊர் எழுந்தது. முயிண்டி ம்பிங்கு என்பவரின் தலைமையில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என ஆயிரக்கணக்கானோர் நைரோபிக்கு நடந்தார்கள். கவர்னரைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம் என்று வாரக்கணக்கில் நகரத்தில் தங்கினார்கள். கட்டாய ஏலத்தை அரசு கைவிட்டது. ம்பிங்கு லாமு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று நைரோபியின் மையத்தில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மச்சாகோஸில் அன்று நடந்த ஆய்வின் முறை இதுதான். அதிகாரி வருவார், பார்ப்பார், எழுதுவார். மாடு வைத்திருப்பவர் ஏன் வைத்திருக்கிறார் என்பதை எழுதுவதற்கு அந்த அறிக்கையில் இடமே இல்லை.

வரப்பு: கட்டளையாக வந்தது, சொந்தமானது

மாட்டுக் குறைப்பு தோற்ற பிறகு அரசு வரப்பு கட்டச் சொன்னது. 1940களிலும் 1950களிலும் கட்டாய உழைப்பில் சரிவுகள் எங்கும் வரப்புகள் எழுந்தன. ஆள் வராவிட்டால் தண்டனை. காலனி ஆட்சியின் மேல் இருந்த வெறுப்பு வரப்பின் மேலும் படிந்தது. 1963-இல் சுதந்திரம் வந்ததும் வரப்பு வேலை பல இடங்களில் நின்றுபோனது. பழைய வரப்புகள் சரிந்தன. மாஹர் சொன்னது சரியாகிவிடும் போலத் தோன்றிய காலம் அது.

சில ஆண்டுகளில் மக்களே மண்வெட்டியை எடுத்தார்கள். யாரும் ஆணையிடவில்லை. ம்வெத்யா என்ற கம்பா மக்களின் கூட்டு உழைப்பு முறை அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. இன்று உன் வயல், நாளை என் வயல் என்று முறை வைத்துப் போனார்கள். இந்தக் குழுக்களில் பெண்களே பெரும்பாலும் முன்னின்றார்கள். வரப்பின் வகையும் அவர்களே தேர்ந்ததாக இருந்தது. சரிவின் குறுக்கே சமமட்டத்தில் கால்வாய் வெட்டி, மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளாமல் மேட்டுப் பக்கம் வீசி வரப்பு போடும் இந்த முறைக்கு 'ஃபான்யா ஜூ' என்று பெயர். வேலை அதிகம். ஆனால் ஒவ்வொரு மழையிலும் அடித்து வரும் மண் வரப்பின் பின்னால் தேங்கும். சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிவயலாக மாறும். ஈரம் நிற்கும். வரப்பு மேல் நட்ட புல் மாட்டுக்குத் தீவனமாகும்.

இதற்கு உழைக்க வேண்டுமென்றால் பலன் தங்கள் கையில் நிற்கும் என்ற நம்பிக்கை வேண்டும். 1954-இல் வந்த காலனி அரசின் ஸ்வினர்ட்டன் விவசாயத் திட்டம் ஆப்பிரிக்க விவசாயிகளுக்குக் காப்பியைத் திறந்துவிட்டது, நிலப் பட்டாவையும் கொண்டுவந்தது. மச்சாகோஸில் காப்பி நட வேண்டுமானால் வயலில் வரப்பு இருக்க வேண்டும் என்று நிபந்தனை. காப்பி விற்ற காசு அடுத்த வரப்புக்குக் கூலியானது. மச்சாகோஸ் ஊருக்கு அருகிலுள்ள கத்துமானி ஆய்வு நிலையத்தில் குறுகிய கால மக்காச்சோள ரகம் ஒன்று உருவாகி, 1960களின் பிற்பகுதியில் விவசாயிகள் கைக்கு வந்தது. இரண்டு மழைப் பருவமும் குறுகியதாக உள்ள மானாவாரி நிலத்தில் மழை ஓய்வதற்குள் கதிர் முற்றும் பயிர் அது. சாலை வந்தது. நைரோபி வளர வளரக் காய்கறிக்கும் பழத்துக்கும் சந்தை கிடைத்தது. நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் ஊரில் மண்ணுக்குள் போனது.

1994: தீர்ப்பைத் திருத்திய புத்தகம்

இந்த மாற்றத்தை முழுதாகக் கணக்கெடுத்தது ஒரு கூட்டு ஆய்வு. லண்டனிலிருந்து மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர் இருவரும், நைரோபி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரான்சிஸ் கிச்சுகியும் 60 ஆண்டுப் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். மழை அளவு, நிலப் பயன்பாடு, வான்வழிப் படங்கள், பயிர், கால்நடை, மரம் என எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் நூல் 1994-இல் வந்தது. ஆட்கள் பெருகினார்கள், அரிப்பு குறைந்தது என்பதே அதன் சாரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கான விளைச்சல் மதிப்பு ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்திருந்தது. தலைக்குக் கணக்கிட்டாலும் சுமார் மூன்று மடங்கு.

இப்படி நடக்கக்கூடும் என்று டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1965-லேயே வாதிட்டிருந்தார். நிலத்துக்கு நெருக்கடி வரும்போது விவசாயி உழைப்பையும் அறிவையும் கூட்டிப் போடுகிறார், அதனால் மண் மேம்படவும் முடியும் என்பது அவர் கருத்து. மக்கள் பெருக்கம் வறுமையில்தான் முடியும் என்ற மால்தஸ் வழிவந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மச்சாகோஸ் அந்தக் கருத்துக்கு மண்ணிலேயே கிடைத்த சான்றாக நின்றது. விறகுக்காக வெட்டி வெட்டி மரம் தீர்ந்துவிடும் என்று 1970களில் போட்ட கணக்கும் இங்கே பலிக்கவில்லை. மக்கள் தங்கள் நிலத்தில் தாங்களே மரம் வளர்த்தார்கள். 1977-இல் வங்காரி மாத்தாய் கிராமப் பெண்களைக் கொண்டு பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான். கன்று நடவும் காக்கவும் கிராமத்துப் பெண்ணுக்குத் தெரியும், வழிவிட்டால் போதும் என்றார் அவர். 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல ஆய்வுக்கு மறுப்பும் வரவேண்டும். வந்தது. மச்சாகோஸுக்கு நைரோபி அருகில் இருந்தது, அந்த வசதி எல்லா வறண்ட மாவட்டங்களுக்கும் உண்டா என்று சிலர் கேட்டார்கள். ஜான் மர்ட்டன் 1999-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. மாவட்டச் சராசரிக்குள் வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்தார் அவர். நகரத்துச் சம்பளம் வந்த குடும்பங்கள் நிலம் வாங்கின, வரப்பு கட்டின, முன்னேறின. அந்த வருமானம் இல்லாதவர்கள் நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார்கள். சரிவு பச்சையானது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பச்சையாகவில்லை. மாவட்டத்தின் வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கட்டுரையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மேற்கே புசியா: கேட்கும் முறை மாறியது

1990களின் நடுப்பகுதியில் ஆய்வின் மையம் நாட்டின் மேற்கு எல்லைக்கு நகர்ந்தது. உகாண்டாவை ஒட்டிய புசியாவில் அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் சகாக்களும், அங்கே பள்ளிகளுக்கு உதவிவந்த ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பள்ளிக்கு, எந்த ஊருக்கு உதவி முதலில் போகும் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வது. பிறகு உதவி பெற்ற ஊரையும் இன்னும் பெறாத ஊரையும் ஒப்பிடுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த உதவியால் வந்ததுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியும். மருத்துவத்தில் மருந்தைச் சோதிக்கும் முறை கிராமத்துக்கு வந்தது. 1998 முதல் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், குழந்தைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இந்த முறைக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, கிரெமர் மூவருக்கும் 2019-இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

அதே புசியாவில் தண்ணீரைப் பற்றியும் கேட்டார்கள். ஊர்மக்கள் குடிநீர் எடுக்கும் இயற்கை ஊற்றுகளைச் சுற்றிச் சிமென்ட் கட்டி, குழாய் வழியாக நீர் வரும்படி செய்தால் என்ன ஆகும்? சுமார் 200 ஊற்றுகளில் செய்த ஆய்வில், ஊற்றிலேயே மலக்கிருமி மாசு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சுத்தமான ஊற்றுக்காகக் கூடுதல் தூரம் நடக்கவோ காசு கொடுக்கவோ மக்கள் பெரிதாக முன்வரவில்லை. கடையில் விற்ற குளோரின் பாட்டிலைச் சிலரே வாங்கினார்கள். குளோரின் பெட்டியை ஊற்றடியிலேயே வைத்து, திருகினால் ஒரு குடத்துக்கு வேண்டிய அளவு இலவசமாக விழும்படி செய்தபோது பலரும் பயன்படுத்தினார்கள்.

உரத்திலும் இதே பாடம். புசியாவில் மக்காச்சோள விவசாயிகளுக்கு உரம் லாபம் தரும் என்று தெரியும். வாங்கவும் விரும்பினார்கள். விதைப்பு வரும்போது கையில் காசு இருக்காது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாளிலேயே வீட்டு வாசலில் போய் உரச் சீட்டை விற்றார்கள். உரம் தேவைப்படும் நேரத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகவும் வாக்களித்தார்கள். விற்பனை கூடியது. விதைப்பு நேரத்தில் பாதி விலைக்குத் தருவதால் கிடைக்கும் பலனுக்கு இது குறைந்ததில்லை. 1937-இல் இதே விவசாயியைப் பார்த்தவர்கள் அறியாமை என்று எழுதியிருப்பார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் காசு கையில் தங்காத வாழ்க்கை.

அடுப்பங்கரை வரை வந்த கணக்கு

நைரோபியின் எளிய வீடுகள் பலவற்றில் அடுப்புக்கரியில்தான் சமையல். கரி காட்டைத் தின்கிறது, வீட்டுக் காற்றைக் கெடுக்கிறது, மாதச் செலவையும் விழுங்குகிறது. கரியை மிச்சம் பிடிக்கும் நவீன அடுப்பு ஒன்று, ஆய்வு நடந்த காலத்தில், சந்தையில் சுமார் 40 டாலருக்குக் கிடைத்தது. சுசன்னா பெர்கோவர், ஜோஷுவா டீன் இருவரும் நைரோபியில் ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களிடம் ஆய்வு செய்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அடுப்பை வாங்கிய வீட்டில் கரிச் செலவு 39 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டாலர் மிச்சம். அடுப்பின் விலை நான்கைந்து மாதத்தில் வந்துவிடும். இருந்தும் கையிலிருந்து மக்கள் கொடுக்கத் தயாராக இருந்தது சராசரியாக 12 டாலர்தான். தவணையில் கட்டலாம் என்று கடன் வசதி கொடுத்தவுடன் அந்தத் தொகை இரண்டு மடங்கானது.

ஏழைக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டும். நல்ல அடுப்புக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் நடுவில் நின்றது அக்கறையின்மை இல்லை, முதல் தவணைக் காசு.

எல்லா ஆய்வும் எல்லோருக்கும் பிடித்த முடிவைத் தருவதில்லை. மேற்குக் கென்யாவில் 150 ஊர்களில் மின் இணைப்பைப் பற்றி நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. அப்போது இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங், ஏறத்தாழ 400 டாலர். கம்பி வீட்டருகே போயும் பெரும்பாலோர் இணைக்கவில்லை. இணைப்பு கொடுக்க ஆகும் செலவைவிட அதிலிருந்து குடும்பங்களுக்குக் கிடைத்த பலன் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. மின்கம்பி மட்டும் போனால் போதாது. மின்சாரத்தில் ஓட்ட எந்திரமும் அதற்கு வருமானமும் கூடவே வேண்டும் என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

மறுபடியும் மாடு

1938-இல் மாட்டைப் பறித்த நாட்டில் 2010-இல் மாட்டுக்குக் காப்பீடு வந்தது. வடக்கே மர்சபித் பகுதியில், மழை பார்த்து மந்தையோடு இடம் பெயரும் மேய்ப்பர்கள் வாழ்கிறார்கள். செத்த மாட்டை எண்ணி இழப்பீடு கொடுப்பது அத்தனை பெரிய வெளியில் எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. நைரோபியிலுள்ள சர்வதேசக் கால்நடை ஆய்வு நிலையத்தில் கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூடேயும் சகாக்களும் வேறு வழி கண்டார்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து மேய்ச்சல் நிலத்தின் பசுமையை அளப்பது. பசுமை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால், அந்த வட்டாரத்தில் காப்பீடு எடுத்த எல்லோருக்கும் பணம் கொடுப்பது. மாட்டை யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை.

2011 வறட்சியில் முதல் இழப்பீடு போனது. அந்தக் காலத்தைப் பற்றிய ஆய்வு, காப்பீடு இருந்தவர்களில் வசதியுள்ளோர் மந்தையை அவசரத்துக்கு விற்பது குறைந்தது, ஏழைகள் சாப்பாட்டைக் குறைப்பது குறைந்தது என்று காட்டியது. 2015-இல் கென்ய அரசே வறண்ட மாவட்டங்களில் இந்தக் காப்பீட்டைச் செலவு ஏற்று நடத்தத் தொடங்கியது. குறைகளும் உண்டு. வட்டாரம் பச்சையாக இருந்து ஒருவருடைய மாடு மட்டும் செத்தால் பணம் கிடைக்காது. பிரீமியம் கட்டி இழப்பீடு வராத ஆண்டுகளில் பலர் விலகினார்கள். ஆனாலும் கேள்வி தலைகீழாக மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இவருக்கு எதற்கு இத்தனை மாடு என்று கேட்ட இடத்தில், வறட்சியில் இவர் மந்தையை எப்படிக் காப்பது என்று கேட்டார்கள்.

கைபேசியும் இதே வேலையை வேறு வழியில் செய்தது. 2007-இல் வந்த எம்-பெசா, நகரத்திலிருந்து கிராமத்துக்குப் பணம் அனுப்புவதை நிமிட வேலையாக்கியது. கென்யாவில் பிறந்த பொருளியலாளர் தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக்கோடு சேர்ந்து இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பயிர் பொய்த்தாலோ நோய் வந்தாலோ, எம்-பெசா இல்லாத குடும்பத்தின் செலவு 7 சதவீதம் குறைந்தது. எம்-பெசா உள்ள குடும்பத்தில் அந்தச் சரிவே தெரியவில்லை. சொந்தபந்தம் அனுப்பிய பணம் தாங்கியது. 2016-இல் வெளியான அவர்களுடைய மற்றொரு கட்டுரையின் மதிப்பீட்டில், 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்திருந்தன.

கேட்பவர் யார்?

இத்தனை மாற்றத்துக்கு நடுவில் மாற மறுத்த ஒன்று உண்டு. புசியா ஆய்வுகளின் கட்டுரைகளில் முதலில் வரும் பெயர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுடையவை. வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிய கென்ய இளைஞர்கள் நன்றியுரையில் வருகிறார்கள். எதை ஆராய்வது, யாரிடம் பணம் பெறுவது, முடிவை எங்கே வெளியிடுவது என்பது நெடுங்காலம் வெளியே தீர்மானமானது.

அதன் ஆபத்து 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நைரோபியின் எளிய குடியிருப்பான கயோலே சொவெட்டோவில், கட்டணம் கட்டாத வீட்டு உரிமையாளர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டித்தால் பணம் வசூலாகிறதா என்று பார்த்த ஆய்வு அது. உலக வங்கியோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் செய்தது. துண்டிப்பு தண்ணீர் நிறுவனத்தின் ஏற்கெனவே இருந்த விதிப்படிதான் நடந்தது என்று அவர்கள் விளக்கினார்கள். ஆனால் பல இடங்களில் குழாயடியில் நின்றவர்கள் உரிமையாளர்கள் இல்லை, வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. அது நியாயமான கேள்வி. மாட்டைப் பறித்த ஆய்வுக்கும் தண்ணீரை நிறுத்திய ஆய்வுக்கும் முறை வேறு. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் அறைக்கு வெளியே நின்றார்.

மாற்றத்துக்கான அடித்தளம் நைரோபியிலேயே இருக்கிறது. 1965-லிருந்து நைரோபி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. ஆப்பிரிக்கப் பொருளியலாளர்களை உருவாக்க 1988-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்புக்கு இங்கேதான் தலைமையகம். எகர்ட்டன் பல்கலைக்கழகத்தின் தெகெமேயோ நிலையம் 1997 முதல் ஒரே விவசாயக் குடும்பங்களை ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கண்டு கணக்கெடுத்தது. தனியார் உர வணிகம் பரவப் பரவ, 1997-க்கும் 2007-க்கும் இடையில் விவசாயி உரக்கடைக்குப் போக வேண்டிய தூரம் பாதிக்கும் கீழே குறைந்ததைக் காட்டியது அந்தக் கணக்கு. ஆய்வு செய்ய உரிமம் வழங்கும் தேசிய ஆணையம் 2013-இன் சட்டத்தில் உருவானது. இன்று கென்யாவில் யார் ஆய்வு செய்ய வந்தாலும் அதன் அனுமதி வேண்டும்.

உள்ளூர் அரசும் தன் கணக்கைத் தானே போடத் தொடங்கியிருக்கிறது. மகுவேனியில் மணலணை என்றால் எல்லோருக்கும் தெரியும். வறண்ட ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பினால் வெள்ளத்தில் மணல் வந்து தேங்கும், மணலுக்குள் நீர் ஆவியாகாமல் நிற்கும், தோண்டி எடுத்துக்கொள்ளலாம். நைரோபிக் கட்டடங்களுக்காக லாரி லாரியாக மணல் அள்ளிய பிறகு அந்த ஆறுகள் வற்றின. 2015-இல் மகுவேனி கவுண்டி ஆற்று மணலைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. குடிநீர் இல்லாமல் தவித்த ஊர்களுக்காக உள்ளூர் அரசே எடுத்த முடிவு அது.

இன்றைய சோதனை

காலநிலை பழைய கணக்குகளைக் கலைக்கத் தொடங்கிவிட்டது. 2020 அக்டோபர் முதல் அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. கென்யாவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. 2024-இல் அதே நாட்டில் வெள்ளம் வந்து ஊர்களை அடித்துச் சென்றது. வரப்பும் காப்பீடும் கைபேசிப் பணமும் ஒரு வறட்சியைத் தாங்கும். தொடர்ந்து ஐந்தைத் தாங்குமா என்பது இனி கேட்க வேண்டிய கேள்வி.

காசும் புதிய வழியில் வருகிறது. மரத்தையும் அடுப்பையும் காட்டிக் கரிம வரவு (கார்பன் கிரெடிட்) விற்கும் நிறுவனங்கள் கென்யாவைத் தேடி வருகின்றன. நிலம் சார்ந்த திட்டங்களில் வருமானத்தின் 40 சதவீதமாவது அந்த ஊர் மக்களுக்குப் போக வேண்டும் என்று 2023-இல் திருத்திய காலநிலைச் சட்டம் சொல்கிறது. அது ஏட்டில் நிற்குமா, மேய்ப்பரின் கைக்கு வருமா என்பதை அளக்கப் போகிறவர்கள் பொருளியல் ஆய்வாளர்கள்தான்.

தொண்ணூறு ஆண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. மக்களைக் குற்றவாளியாக வைத்து எழுதிய அறிக்கைகள் எண்ணிக்கையில் சரியாகவும் முடிவில் தவறாகவும் இருந்தன. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வுகளே வரப்பையும் ஊற்றையும் அடுப்பையும் மந்தையையும் புரிந்துகொண்டன. அடுத்த படி, கேள்வியைத் தேர்வு செய்யும் உரிமை மச்சாகோஸ் விவசாயிக்கும் மர்சபித் மேய்ப்பருக்கும் நைரோபி ஆய்வாளருக்கும் போய்ச் சேர வேண்டும். ஆப்பிரிக்காவைப் பற்றி இனி ஓர் ஆய்வு முடிவை நாளிதழில் படிக்கும்போது, எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். யாரிடம் கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஆய்வை நம்பி ஒரு மாட்டைக்கூட யாரும் விற்க வேண்டியதில்லை.